கூச்சமுள்ள ஆட்டக்காரர்களும் நம் மேசைகளும்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரமேற்றுப் பேச்சாலும் பகடையாலும் கதை வளர்க்கும் நம் ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்கள் வழக்கம்போல் நடைபெற்றன. பொது உபயோகத்துக்குப் பகடைகளும் விதிநூல்களும் வாங்கப்பட்டன. செயற்குழு இந்த ஆண்டில் அதிகம் விவாதித்தது வேறொரு பொருளை. ஆர்வத்தோடு வந்து சேரும் புதியவர்களில் சிலர், மேசையில் வாய் திறக்கக் கூச்சப்பட்டு, சில வாரங்களில் வராமலே நின்றுவிடுகிறார்கள். அவர்களுக்காக நம் மேசைகளில் செய்த மாற்றங்களே இந்த அறிக்கையின் பெரும்பகுதி.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் போன்ற ஆட்டங்களில் சண்டை தொடங்கியதும் யார் முதலில் செயல்படுவது என்பதை முடிவுசெய்யும் இனிஷியேட்டிவ் பகடை உருட்டி வரிசை வகுக்கப்படுவதால், ஒவ்வொருவருக்கும் தம் முறை தானாக வந்து சேர்கிறது. சண்டை முடிந்து கதை சந்தைக்கோ அரசவைக்கோ நகர்ந்தால் அந்த வரிசை மறைந்துவிடுகிறது. முந்திப் பேசுபவரே கதையை இழுத்துச் செல்கிறார். சண்டையில் தெளிவாக முடிவெடுக்கும் ஒருவர் அரசவைக் காட்சியில் ஊமையாக அமர்ந்திருப்பதை நாம் பலமுறை பார்த்திருக்கிறோம். ஆகவே சண்டையற்ற காட்சிகளிலும் மேசையைச் சுற்றி வரிசையாகக் கேட்கும்படி, கதையை நடத்திச் செல்லும் கேம் மாஸ்டர்களிடம் சொன்னோம். கேள்வியின் வடிவமும் முக்கியம். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, “நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள்?” என்று பொதுவாகக் கேட்பதுதான் கூச்சமுள்ளவருக்கு மிகக் கடினமானது. “காவலனின் பார்வை உங்கள் வாள்மீது விழுகிறது, மறைப்பீர்களா, கழற்றிக் கொடுப்பீர்களா?” என்று கேட்டால் ஒரே சொல்லில் பதில் சொல்லலாம், அந்த ஒரு சொல்லால் கதையும் திரும்பும். “இவருக்கு அடுத்து உங்களிடம் வருகிறேன்” என்று முன்கூட்டியே சொல்லிவைப்பதும் நல்ல பலன் தந்தது.

பாத்திரமாகவே நடித்துப் பேசினால்தான் நல்ல ஆட்டம் என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. பாத்திரக் குறிப்பில் வலிமைக்கு 18 என்ற உயர்ந்த மதிப்பெண் உள்ள வீரனை ஆடுபவரிடம் மேசையைத் தூக்கிக் காட்டும்படி யாரும் கேட்பதில்லை. அப்படியிருக்க, கரிஸ்மா எனும் ஆளுமைக் கவர்ச்சி மிகுந்த பாணனை ஆடுபவர் மட்டும் தாமே நாவன்மையோடு பேசியாக வேண்டும் என்பது நியாயமன்று. “என் பாத்திரம் அமைச்சரைப் புகழ்ந்து, வாயிலைத் திறக்கும்படி வேண்டுகிறது” என்று படர்க்கையில் சொன்னாலே போதும். பகடை அதன் வேலையைச் செய்யட்டும்.

நம் மேசைகளுக்கே உரிய இரண்டு தடைகளும் உண்டு. விதிநூல்கள் ஆங்கிலத்தில் இருப்பதால் ஆட்டத்தையும் ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும் என்று எண்ணி, வாக்கியத்தை மனத்துக்குள் திருத்தித் திருத்தியே தம் முறையை இழப்பவர்கள் இருக்கிறார்கள். தமிழில் பேசலாம் என்று கேம் மாஸ்டர் தாமே தமிழில் தொடங்கிக் காட்டிய மேசைகளில் இந்தத் தயக்கம் விரைவில் குறைந்தது. மற்றது மரியாதை. தளபதியாக ஆடும் கல்லூரி மாணவர், படைவீரனாக ஆடும் மூத்தவரை “அண்ணா”, “சார்” என்று அழைத்துக்கொண்டே எப்படிக் கட்டளையிடுவார்? ஆட்டத்துக்குள் பாத்திரப் பெயரால் மட்டுமே அழைப்பது என்ற வழக்கத்தை மூத்த உறுப்பினர்களே தொடங்கிவைத்தார்கள். அதற்காக அவர்களுக்குச் செயற்குழு மனமார நன்றி கூறுகிறது.

தொடர் ஆட்டங்களுக்கு முன், ஆட்டத்தின் போக்கையும் எல்லைகளையும் பேசி முடிவுசெய்யும் செஷன் ஜீரோ எனும் சந்திப்பை நடத்துவது வழக்கமாகிவிட்டது. ஜான் ஸ்டாவ்ரோபூலஸ் உருவாக்கிய எக்ஸ் கார்டையும் மேசைகளில் வைக்கிறோம். விரும்பாத நிகழ்வு கதையில் வந்தால் அட்டையைத் தொட்டால் போதும், அந்த நிகழ்வை நீக்கிவிடுவோம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் அதைத் தொடுவதையும் எல்லோரும் பார்ப்பார்கள் என்பதால் கூச்சமுள்ளவர் அதற்கும் தயங்கக்கூடும். இடைவேளையில் கேம் மாஸ்டர் தனியே ஒரு வார்த்தை விசாரிப்பதற்கு எந்த அட்டையும் ஈடாகாது என்பது என் கருத்து.

புதியவர்களுக்கான அறிமுக நாள்களில், அலெக்ஸ் ராபர்ட்ஸ் உருவாக்கி 2019இல் வெளிவந்த ‘ஃபார் தி குயின்’ ஆட்டத்தைப் பயன்படுத்தினோம். அதில் பகடையும் இல்லை, கேம் மாஸ்டரும் இல்லை. முறை வரும்போது ஓர் அட்டையை எடுத்து, அதிலுள்ள கேள்விக்குப் பதில் சொன்னால் போதும். பதில் சொல்ல விருப்பமில்லையென்றால் அட்டையை அடுத்தவருக்கு நகர்த்திவிடலாம். கதையில் வரும் அரசியை நேசிப்பவர்களாகவே அனைவரும் தொடங்குவதால், பாத்திரத்தை உருவாக்கும் சுமையும் குறைகிறது.

அமைதியாக இருப்பவர் எல்லோரும் ஒதுங்கியிருக்கிறார் என்று பொருளில்லை. வரைபடம் வரைந்தும் குறிப்பெடுத்தும் கேட்டு மகிழ்ந்தும் ஆட்டத்தில் முழுமையாக இருப்பவர்களை, “பேசுங்கள், பேசுங்கள்” என்று நெருக்குவது அவர்களை வெளியேற்றும் வழி. அதே அக்கறையுடன், பிறரின் முறையில் குறுக்கிட்டு யோசனை சொல்லும் உறுப்பினர்களிடம் கேம் மாஸ்டர்கள் ஆட்டம் முடிந்தபின் தனியே பேசுமாறு கேட்டுக்கொள்ளப்பட்டார்கள். உண்மையில் அதிக மாற்றம் வேண்டியது இந்தப் பக்கத்தில்தான்.

வரும் ஆண்டில் ஒரு மேசைக்குக் கேம் மாஸ்டர் நீங்கலாக நால்வருக்கு மேல் அமர்த்துவதில்லை என்றும், புதிய கேம் மாஸ்டர்கள் அனுபவமுள்ள ஒருவருடன் இணைந்து நடத்திய பிறகே தனி மேசை ஏற்பது என்றும் செயற்குழு முன்மொழிகிறது. இவ்விரு தீர்மானங்களையும் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

நன்றியுடன்,
செயலாளர்