பேரப்பிள்ளைகளோடு பார்க்குக்குப் போவது பற்றி

ஸ்காபரோ
ரொறன்ரோ, கனடா
மார்ச் மாதம்

அன்புள்ள அம்மா, அப்பாவுக்கு,

நாங்கள் எல்லோரும் நல்ல சுகம். உங்கள் சுகத்துக்கு நல்லூரானை வேண்டுகிறோம். அப்பாவின் கடிதம் வந்து கனநாளாகிவிட்டது. பதில் பிந்தியதற்குக் கோபிக்க வேண்டாம். வேலையும் வீடும் என்று நாள் ஓடுகிறது, வேறொன்றும் இல்லை. போனில் சொன்னால் காற்றோடு போகும், எழுதினால் மடித்துப் பையில் வைத்திருப்பேன் என்று அப்பா கேட்டபடியால் எழுதியே அனுப்புகிறேன். பெரியம்மாவுக்கும் வாசித்துக் காட்டுங்கோ. அவவும் விசாவுக்குப் போடுகிற யோசனையில் இருக்கிறாவாம் என்று அக்கா சொன்னா.

நீங்கள் இங்கே வந்து நிற்கிறபோது பகலில் பிள்ளைகளை எங்கே கொண்டுபோவது என்று அப்பா கேட்டிருந்தார். ரொறன்ரோவில் 1,500க்கு மேற்பட்ட பார்க்குகள் இருக்கின்றன, ஆகவே இடத்துக்குப் பஞ்சமில்லை. சின்னவனுக்கும் அம்மாவின் முழங்காலுக்கும் எது சரிவரும் என்று தெரிவதுதான் பாடு. இங்கே புதிதாக வருகிற ஆக்கள் படத்தில் வடிவாகத் தெரிகிற பெரிய பார்க்கைத் தேடிப் போவார்கள். தினமும் போவதற்கு அது உதவாது. பத்து நிமிட நடையில் உள்ளதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அங்கே போய் நாலு விஷயம் பாருங்கோ. மலசலகூடம் திறந்திருக்கிறதா, வாங்கில் நிழல் விழுகிறதா, றோட்டுக்கும் ஊஞ்சலுக்கும் நடுவில் வேலியோ மரவரிசையோ இருக்கிறதா, வாங்கில் இருந்தபடி எல்லா மூலையும் தெரிகிறதா. கடைசியில் சொன்னதுதான் முக்கியம். இரண்டு பிள்ளைகளும் இரண்டு பக்கம் ஓடினால் எழும்பாமலே இருவரையும் காண வேண்டும்.

மலசலகூடம் மே தொடக்கம் ஒக்டோபர் வரைதான். குளிர்காலத்தில் குழாய் உறைந்து வெடிக்கும் என்று பெரும்பாலானவற்றைப் பூட்டிவிடுவார்கள், குடிக்கிற தண்ணீரும் வராது. ஆகவே பார்க்குக்குக் கிட்ட நூலகம் எங்கே என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கோ. சந்தேகம் இருந்தால் நகரசபையின் 311 இலக்கத்துக்கு போன் எடுத்து "தமிழ்" என்று மட்டும் சொன்னால் போதும், மொழிபெயர்க்கிற ஆளை இணைத்துவிடுவார்கள். உடைந்த ஊஞ்சல், கண்ணாடித் துண்டு, எரியாத லைற், எல்லாவற்றையும் அந்த இலக்கத்துக்கே சொல்லலாம். அப்பாவுக்கு முறைப்பாடு எழுதுகிறது பிடித்த வேலைதானே.

பெரும்பாலான பார்க்கில் விளையாட்டுச் சாமான் இரண்டு வகை இருக்கும். பதினெட்டு மாதம் முதல் 5 வயது வரைக்கும் ஒன்று, 5 முதல் 12 வரைக்கும் மற்றது. வயதைப் பலகையிலோ ஏறுகிற இடத்து ஸ்ரிக்கரிலோ போட்டிருப்பார்கள். சின்னவனுக்குக் கால் விடுகிற ஓட்டை உள்ள தொட்டி ஊஞ்சல்தான். மூத்தவள் அவனைத் தன் பக்கத்துக்கு இழுத்துக்கொண்டு போகப் பார்ப்பாள், விடாதேங்கோ. அந்தப் படிகளின் இடைவெளி அவனுடைய காலுக்கு அளந்தது இல்லை.

கீழே நிலத்தையும் கவனியுங்கோ. மணல், மரச்சிராய், றப்பர், இந்த மூன்றில் ஒன்று இருக்கும். விழுந்தால் தாங்குவதற்காகச் சிராயை ஓர் அடி ஆழத்துக்குப் போடுவார்கள். பிள்ளைகள் காலால் உரஞ்சி உரஞ்சி, ஊஞ்சலுக்கு நேர் கீழேயும் சறுக்குமரம் முடிகிற இடத்திலும் குழி விழுந்து கெட்டி நிலம் வந்துவிடும். சப்பாத்தால் சிராயைத் தள்ளி நிரவிவிட்டுப் பிள்ளையை ஏற்றுங்கோ. மணல் என்றால் கையில் எடுக்க விடமுதல் ஒருக்கால் கிளறிப் பாருங்கோ, பூனை வந்து போயிருக்கும்.

அம்மா, இது உங்களுக்கு. சின்னவனை மடியில் வைத்துக்கொண்டு சறுக்க வேண்டாம். பாதுகாப்பென்று நினைத்துத்தான் எல்லோரும் அப்படிச் செய்கிறார்கள். தனியே சறுக்குகிற பிள்ளையின் சப்பாத்து ஓரத்தில் பிடிபட்டால் பிள்ளை அந்த இடத்திலேயே நின்றுவிடும். மடியில் இருந்தால் பின்னாலுள்ள பெரிய ஆளின் பாரம் நிற்காமல் தள்ளும், கால் மட்டும் மாட்டி நிற்கும். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிவது அப்படித்தான். தனியே சறுக்க மாட்டான் என்றால் இன்னும் சின்னச் சறுக்குமரமாகப் பாருங்கோ. வெயில் நாளில் புறங்கையைச் சறுக்குமரத்தில் ஐந்தாறு விநாடி வைத்துப் பாருங்கோ. உங்கள் கைக்குப் பொறுக்காவிட்டால் பிள்ளையின் தொடைக்கும் பொறுக்காது. பிளாஸ்ரிக்கும் சுடும், கறுப்பு றப்பர் நிலமும் சுடும்.

கழுத்தில் மவ்ளர், தொங்குகிற கயிறு, சைக்கிள் ஹெல்மெற் ஒன்றோடும் ஏற விடாதேங்கோ. இடுக்கில் மாட்டினால் கழுத்தை இறுக்கிவிடும். கழுத்துக்குக் குழாய் மாதிரி மாட்டுகிற துணி இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன்.

வீட்டுக்குக் கிட்ட உள்ள சின்னப் பார்க்குக்கு ஒரு வயோதிபர் வருவார். இத்தாலியரோ கிரேக்கரோ தெரியாது. எப்போதும் ஒரே மண்ணிறத் தொப்பி, கையில் கார்க் கண்ணாடி துடைக்கிற றப்பர்க் கட்டையும் பழைய துவாயும். பிள்ளைகள் வருவதற்கு முதல் சறுக்குமரத்தில் ஏறி, பனித்தண்ணியை மேலிருந்து கீழே ஒரே இழுப்பில் வழித்துவிட்டு, துவாயால் ஒற்றி, ஊஞ்சல் தொட்டிகளைக் கவிழ்த்து, நடந்து போய்விடுவார். பேரப்பிள்ளைகள் கூட வருவதில்லை. ஒருவரோடும் கதைக்கவும் மாட்டார். அப்பா அவரோடு எப்படியும் கதை தொடங்கிவிடுவார் என்று உங்கள் மருமகன் பந்தயம் கட்டுகிறார். அந்த வயோதிபர் வராத நாளுக்காக நீங்களும் ஒரு பழந்துவாய் கொண்டுபோங்கோ. இல்லாவிட்டால் காலை ஒன்பது மணிக்கே காற்சட்டை நனைந்து வீடு திரும்ப வேண்டிவரும்.

மே கடைசியில் தண்ணீர் விளையாட்டுத் திடல்களைத் திறப்பார்கள். ஸ்பிளாஷ் பாட் என்பார்கள். செப்டம்பர் நடுப்பகுதி வரை இருக்கும், காசில்லை. போனவுடன் தண்ணீர் வராது. தூணில் உள்ள பொத்தானை அமத்தினால் கொஞ்ச நேரம் வந்து நின்றுவிடும், திரும்ப அமத்த வேண்டும். வேலை செய்யவில்லை என்று திரும்பிவிடாதேங்கோ. தண்ணீர் தேங்காது, ஆனால் காவலாளும் இல்லை, சீமெந்து வழுக்கும். இறப்பர்ச் செருப்புப் போட்டு விடுங்கோ. சின்னவனுக்குச் சாதாரண நப்பி தண்ணியில் ஊதிப் பாரமாகிவிடும், நீச்சல் நப்பி அலுமாரியின் கீழ்த்தட்டில் இருக்கு. இடி கேட்டால் உடனே வெளியே.

ஸ்காபரோவில் முழுநாள் கழிக்க இரண்டு இடம் சொல்கிறேன். மக்கோவனும் ஸ்டீல்ஸும் சந்திக்கிற மூலையில் மில்லிக்கன் பார்க். குளம், நிழல், தண்ணீர்த் திடல் எல்லாம் உண்டு. குளக்கரையில் சின்னவனைக் கையில் பிடித்தபடியே இருங்கோ. சித்திரை, வைகாசியில் கனடா வாத்துகள் முட்டையோடு இருக்கும், கிட்டப் போனால் செட்டையடித்துத் துரத்தும். அவை போகிற புல்லில் பாய் விரிக்க வேண்டாம், ஏன் என்று பார்த்தவுடன் விளங்கும். பிறிம்லி றோட்டில், லோறன்ஸுக்கு வடக்கே தொம்சன் மெமோறியல் பார்க். அதற்குள்ளேயே ஸ்காபரோ மியூசியம் இருக்கு, 1858இல் கட்டின வீடு ஒன்றும் மரக்குற்றி வீடு ஒன்றும். அப்பா அங்கே நின்றால் திரும்பி வரமாட்டார்.

ஒருநாள் எல்லோருமாக ஹை பார்க் போவோம். கென்னடி ஸ்ரேசனில் ரெயில் ஏறினால் மாறாமல் போய் இறங்கலாம். அங்கே கோட்டை மாதிரி மரத்தால் கட்டின விளையாட்டிடத்தை 1999இல் ஊர் ஆக்களே சேர்ந்து கட்டினார்கள். 2012இல் ஒரு பகுதி எரிந்து, திரும்பக் கட்டினார்கள். ஆனால் அது ஸ்ரேசனிலிருந்து பார்க்கின் மற்றக் கரையில், அம்மாவால் அவ்வளவு நடக்க ஏலாது. வழியில் இலவச மிருகக்காட்சிச்சாலை வரும், அங்கே இருந்துவிட்டுப் போகலாம். 2016இல் அங்கிருந்து இரண்டு கப்பிபாறா தப்பியோடிப் பல நாள் நகரமே தேடியது. பெருச்சாளியை ஆட்டுக்குட்டியளவுக்கு வளர்த்தது மாதிரி ஒரு பிராணி. மூத்தவள் அந்தக் கதையை உங்களுக்குச் சொல்லாமல் விடமாட்டாள்.

பஸ்ஸில் 12 வயது வரை பிள்ளைகளுக்குக் காசில்லை. உங்களுக்குப் பிறஸ்ரோ கார்ட் எடுத்துவைத்திருக்கிறேன். ஒருமுறை தட்டினால் இரண்டு மணித்தியாலத்துக்குச் செல்லும், எந்தப் பக்கமும் ஏறலாம். ஒன்றரை மணித்தியாலத்தில் திரும்பி பஸ் தரிப்பில் நின்றீர்களென்றால் போகவர ஒரே காசுதான். காசுக்காகச் சொல்லவில்லை, சின்னவனுக்கும் அதற்குள் நித்திரை வந்துவிடும்.

மற்றது, பழக்கவழக்கம். மற்றப் பிள்ளைகளுக்கு ஒரு பிஸ்கற் கூடக் கொடுக்க வேண்டாம். கச்சான் பட்டாலே மூச்சு அடைக்கிற பிள்ளைகள் இங்கே உண்டு. அடுத்தவர் பிள்ளையைத் தூக்குவது, கன்னத்தைக் கிள்ளுவது, போனில் படமெடுப்பது ஒன்றும் வேண்டாம். மனம் வருத்தமாகத்தான் இருக்கும், ஆனால் தாய்க்காரி வந்து முகத்தைத் திருப்பினால் அதைவிட வருத்தம். பள்ளிக்கூடத்து விளையாட்டிடங்களும் நல்லவை, ஆனால் பள்ளி முடிந்த பிறகும் சனி ஞாயிறும்தான். 25 பேருக்கு மேல் கூடிச் சாப்பிடுவதென்றால் நகரசபையில் அனுமதி எடுக்க வேண்டும். மாமியின் பக்கத்து ஆக்கள் வந்தாலே அந்தக் கணக்கு நிரம்பிவிடும்.

ஸ்காபரோவின் கிழக்கில், றூஜ் பக்கக் காட்டுப்பாதையில் நடந்தால் நீளக் காற்சட்டையைச் சொக்ஸுக்குள் செருகுங்கோ. உண்ணி ஏறும், சில உண்ணியில் காய்ச்சல் நோய் உண்டு. வீட்டுக்கு வந்து முழங்கால் மடிப்பு, கமக்கட்டு, காதுக்குப் பின் பக்கம் எல்லாம் தடவிப் பாருங்கோ. கடித்துக்கொண்டிருந்தால் சின்னக் குறட்டால் தோலோடு ஒட்டப் பிடித்து நேரே இழுக்க வேண்டும். எண்ணெய் விடுவது, நெருப்புக்குச்சி வைப்பது கூடாது.

குளிர்காலத்தைப் பற்றி அம்மா பயப்படுகிறா. மார்கழியில் ஐந்து மணிக்கு முதலே இருட்டிவிடும், ஆகவே பதினொன்றுக்கும் இரண்டுக்கும் இடையில் அரை மணித்தியாலம் போதும். காற்றோடு சேர்த்துக் கணக்கிடுகிற குளிர் −28க்குக் கீழே போனால் வீட்டிலேயே இருங்கோ. பத்து நிமிடத்திலேயே தோல் உறையத் தொடங்கலாம். அதற்கு மேலே என்றால் போகலாம், ஆனால் சிராயும் மணலும் உறைந்து கல்லாகிவிடும், ஆகவே உயரச் சாமானில் ஏற விடாமல் பனியில் மட்டும் விளையாட விடுங்கோ. விரல் பிரிந்த கையுறை வேண்டாம், விரலெல்லாம் ஒன்றாக இருக்கிறது சூடு காக்கும்.

எங்கள் வீடு நிலத்துக்குக் கொஞ்சம் கீழே. கோடையில் நல்ல குளிர்மை. பகல் வெளிச்சம் மட்டும் அவ்வளவு வராது, அதற்காகத்தான் பார்க்கைப் பற்றி இவ்வளவு எழுதுகிறேன். இவர் இரவு வேலைக்கு மாறினதும் காசுக்காக இல்லை, பகலில் சின்னவனோடு ஆள் வேண்டும் என்றுதான். நீங்கள் வந்தால் அவர் பகலில் படுக்கலாம். உங்கள் மருத்துவக் காப்புறுதிக் காசு மாதாமாதம் கழிகிறது, அதைப் பற்றி இனிக் கேட்காதேங்கோ.

சித்திரை வருஷத்துக்கு அப்பா புளியமரத்தில் கட்டுகிற ஊஞ்சலுக்கு வயதுப் பலகை இல்லை. மாமியும் ஏறுவா, பெரியம்மாவும் ஏறுவா, தள்ளுவதற்கு ஒழுங்கை முழுக்க வரும். இங்கே வாங்கில் பக்கத்தில் இருக்கிற தாய்மார் எல்லோரும் நல்லவர்கள், ஹலோ சொல்வார்கள். பிறகு அவரவர் போனைப் பார்ப்பார்கள். நானும் பார்ப்பேன். இந்த வருஷமும் ஊஞ்சல் கட்டினால் ஒரு படம் அனுப்புங்கோ, இல்லை, படம் வேண்டாம், கயிற்றை அவிழ்க்காமல் அப்படியே விட்டுவிட்டு வாருங்கோ.

சரி, வீட்டு விஷயம். அப்பாவின் மற்றக் கண்ணுக்குச் சத்திரசிகிச்சையை வருமுதல் செய்வியுங்கோ. இங்கே வந்து செய்தால் காப்புறுதி அதை ஏற்காது. வடக்கு வேலிக் கதியாலை மாமாவைக் கொண்டு வெட்டுவித்து அடைப்பியுங்கோ. நாங்கள் இல்லாத நேரம் எல்லை நகரக் கூடாது. காணி உறுதியின் மூலப்பிரதியை அக்கா வீட்டு அலுமாரியில் வையுங்கோ, அப்பாவின் பெட்டியில் வேண்டாம். கிணற்று மோட்டரை சித்தப்பாவிடம் கொடுப்பதென்றால் எழுதி வாங்கிக்கொண்டு கொடுங்கோ, போனமுறை நடந்தது தெரியும்தானே. பெட்டியில் மிளகாய்த்தூள் இரண்டு கிலோவும் பனங்கட்டியும் போதும். கன்று, விதை ஒன்றும் வைக்காதேங்கோ, எயார்போட்டில் பறித்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்

பி.கு.: இரண்டு பேரும் தடித்த சொக்ஸ் போட்டுக்கொண்டு ஒரு கடதாசியில் காலை வைத்துச் சுற்றிவரக் கோடு கீறி அனுப்புங்கோ. பாரத்தைக் கொடுத்து எழும்பி நின்று கீற வேண்டும், இருந்துகொண்டு கீறினால் அளவு சின்னதாக வரும். பனிச் சப்பாத்து இப்போது மலிவு விற்பனையில் போகிறது.