சிலிண்டர் மாட்டுவது பற்றி: எல்லோரும் படியுங்கள்

வணக்கம். நேற்று இரவு எங்கள் வீட்டில் புது சிலிண்டரை மாட்டியதும் உஸ்ஸென்று சத்தம், கூடவே வாடை. பார்த்தால் வால்வுக்குள் இருக்க வேண்டிய கருப்பு ரப்பர் வாஷரே இல்லை. உடனே ரெகுலேட்டரை எடுத்து மூடியைப் போட்டதால் தப்பித்தோம்.

வரும் ஞாயிறு மாலை 5 மணிக்கு பார்க்கிங்கில் காலி சிலிண்டரை வைத்து மாட்டிக் காட்டுகிறேன். வீட்டுக்கு ஒருவராவது வாருங்கள்.

1. டெலிவரி தம்பி கிளம்பும் முன்பே மூடியைக் கழற்றி வாஷரைப் பாருங்கள்.
2. மாட்டும்போது சாமி விளக்கு உட்பட எதுவும் எரியக் கூடாது. ரெகுலேட்டரின் குமிழ் ஆஃபில் இருக்கட்டும், அதன் கருப்பு வளையத்தைத் தூக்கிப் பிடித்து வால்வில் நேராக உட்கார வைத்து, வளையத்தைக் கீழே அழுத்தினால் 'டக்' என்று கேட்கும். கேட்காவிட்டால் திறக்காதீர்கள்.
3. கசிவைச் சோப்பு நுரையால்தான் பார்க்க வேண்டும். தீக்குச்சி வேண்டவே வேண்டாம்.
4. வாடை வந்தால் எந்த ஸ்விட்சையும் தொடாமல் கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, வெளியே வந்து கேஸ் கசிவுக்கான அவசர உதவி எண் 1906-ஐ அழையுங்கள்.
5. ஆரஞ்சு ட்யூபை 5 வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அப்புறம், உங்கள் ட்யூபில் அச்சிட்டிருக்கும் வருடத்தையும் யார் வருகிறீர்கள் என்பதையும் வீட்டு எண்ணுடன் வெள்ளிக்குள் இங்கேயே போடுங்கள்.