குடவோலை அட்டையை மாற்றித் தருகிறோம்: வரலாற்று ஆசிரியர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள ஆசிரியப் பெருமக்களுக்கு வணக்கம்.

ஜூன் மாதம் பள்ளி திறக்குமுன் விலைப்பட்டியல் அனுப்புவது எங்கள் வழக்கம். இந்த முறை அதற்கு முன்பு ஒரு தவற்றைச் சொல்லியாக வேண்டும். குடவோலை என்பது, பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு எடுத்து, ஊர் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்த சோழர் கால முறை. சென்ற ஆண்டு நாங்கள் விற்ற குடவோலைச் சுவர் அட்டையில், ஆணும் பெண்ணுமாக ஊரே வரிசையில் நின்று பானையில் ஓலை போடுவதாகப் படம் இருந்தது. 'ஊர் மக்கள் அனைவரும் வாக்களித்தனர்' என்று கீழே அச்சிட்டும் இருந்தோம். கடைக்கு வந்த ஓர் ஆசிரியை அதைச் சுட்டிக்காட்டினார். அவர் சொன்னதுதான் சரி.

இந்த முறையைச் சொல்லும் உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் முதலாம் பராந்தக சோழன் காலத்தவை. ஆண்டுகள் 919, 921. பிரம்மதேய ஊர் (பிராமணருக்குத் தானமாகக் கொடுத்த ஊர்) ஒன்றின் சபை தனக்கென வகுத்துக்கொண்ட விதிகள் அவை. இரண்டாவது கல்வெட்டின்படி, ஓலையில் பெயர் ஏற வேண்டுமானால் வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது 35க்கும் 70க்கும் இடையில் இருக்க வேண்டும், வேதக் கல்வியும் வேண்டும். வாரியத்தில், அதாவது ஊர் வேலைகளைக் கவனிக்கும் குழுவில், இருந்து கணக்குக் காட்டாமல் போனவருக்கும் அவருடைய நெருங்கிய உறவினருக்கும் இடமில்லை. ஊரின் 30 குடும்புகளிலிருந்தும் (ஊர்ப் பிரிவுகள்) குடும்புக்கு ஒருவராகக் குடத்தில் ஓலை எடுத்துத் தேர்ந்தார்கள். அவர்களில் 12 பேர் ஆட்டை (ஆண்டு) வாரியத்துக்கு, 12 பேர் தோட்ட வாரியத்துக்கு, 6 பேர் ஏரி வாரியத்துக்கு.

ஆக, அது வாக்கெடுப்பு அல்ல, குலுக்கல். அதுவும் சிலருக்குள் மட்டும் நடந்தது. இதை மறைத்துவிட்டுப் பெருமை பேசும் அட்டையைக் காட்டிலும், 'இதில் யார் விடுபட்டார்கள், ஏன்?' என்று பிள்ளைகளைக் கேட்க வைக்கும் அட்டையே வகுப்புக்கு வேண்டியது என்று இப்போது உறுதியாக நம்புகிறோம்.

புதிய அட்டையோடு ஒரு செயல்பாட்டுப் பையும் செய்திருக்கிறோம். நறுக்கிய பனை ஓலைகள், சிறிய மண்குடம், தகுதி விதிகளை எளிய தமிழில் எழுதிய தாள், இவ்வளவுதான். கல்வெட்டில் எங்கள் மனத்தைப் பிடித்த இடம் ஒன்று உண்டு. விவரம் அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுக்கிறான். அதை வாங்கும் மத்தியஸ்தன் (நடுவராக இருக்கும் ஊர் அலுவலர்) ஐந்து விரலையும் அகல விரித்து, உள்ளங்கையில்தான் ஏற்க வேண்டும். வகுப்பில் ஒரு மாணவனை அப்படியே செய்யச் சொல்லிவிட்டு, 'ஏன் விரலை விரிக்கணும்?' என்று கேளுங்கள். கைக்குள் வேறு ஓலை ஒளிந்திருக்கக் கூடாது என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள். பையை வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. ஒரு சொம்பும் தடித்த தாளும் இருந்தால் போதும். விதித்தாள் மட்டும் வேண்டுமென்றால் விலையில்லாமல் தருகிறோம்.

மற்றவை வழக்கம்போல. தமிழ்-பிராமி எழுத்து அட்டை இருக்கிறது. ராஜராஜன் காசின் மாதிரியில் இனி 'நகல்' என்ற சொல் பொறித்தே வரும். ஊர்ப் பெயர் அச்சிடாத தென்னிந்திய அவுட்லைன் மேப் 50 தாள் கட்டாகக் கிடைக்கும். அரிக்கமேடு, கரூர், கொடுமணல், கொற்கை, முசிறி ஆகியவற்றைப் பிள்ளைகள் தாங்களே குறித்து, எவை கடலோரம், எவை உள்நாடு என்று பார்க்கட்டும். ரோமானியக் காசு கரூர் வரை எப்படி வந்திருக்கும் என்ற பேச்சு அங்கிருந்து தானே தொடங்கும். பழைய நூல்கள் தேவைப்பட்டால் எங்களிடம் வாங்குமுன் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் தேடிப் பாருங்கள். அங்கே கட்டணம் இல்லை.

வாய்ப்பிருந்தால் மாணவர்களை உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்கே அழைத்துச் செல்லுங்கள். அந்தச் சுவரின் முன் நிற்பதற்கு எங்கள் அட்டை எதுவும் ஈடாகாது.

பழைய குடவோலை அட்டை வைத்திருப்பவர்கள் ஜூலை முடிவதற்குள் கடைக்குக் கொண்டுவந்தால் புதியதை மாற்றித் தருகிறோம். கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, ரசீதும் வேண்டாம். வெளியூர்ப் பள்ளிகள் கடிதம் எழுதினால் எங்கள் செலவிலேயே அஞ்சலில் அனுப்புகிறோம்.

அன்புடன்,
கடைப் பொறுப்பாளர்