வைப்பில் பணம் இருந்தால் குற்றமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் பகுதியில் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தும் சிறிய சங்கமொன்றின் பொதுக்கூட்டத்தில், ‘வங்கியில் நிலையான வைப்பு இருக்கும்போது ஏன் நன்கொடை கேட்கிறீர்கள்?’ என்று ஒருவர் கேட்டார். கைதட்டலும் கிடைத்தது. எனக்கு அது சரியாகப் படவில்லை.

2004 சுனாமிக்குப் பிறகு மட்டக்களப்புக்கு வந்து குவிந்த உதவி சில வருடங்களில் வற்றிவிட்டது. 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதமளவில் நின்றபோது உள்ளூர் நன்கொடையும் சுருங்கியது. ஆசிரியைகளின் கொடுப்பனவும் கட்டட வாடகையும் நன்கொடை மீண்டும் வரும்வரை காத்திருக்குமா? அதற்குத்தானே கையிருப்பு!

கையிருப்பு எல்லாம் ஒன்றல்ல. கிணறு கட்டவென்று ஒருவர் தந்த காசைச் சம்பளத்துக்கு எடுக்க முடியாது. ஆனால் கணக்கறிக்கையில் அந்தக் காசும் பொதுச் செலவுக்கான காசும் ஒரே தொகையாகக் கிடந்தால் சனம் சந்தேகப்படத்தான் செய்யும். பொருளாளர்மார் அதைப் பிரித்துக் காட்டலாமே! ஆறு மாதச் செலவுக்குப் பணம் ஒதுக்கி வைப்பது என்று நிர்வாகம் தீர்மானித்திருந்தால் அதையும் எழுதலாம். வட்டி எங்கே போகிறது என்பதையும்தான் (இதை மட்டும் யாரும் கேட்பதில்லை).

பல வருடச் செலவுக்கான பணத்தைச் சேர்த்துவிட்டு, மார்கழி வெள்ளத்திலும் அதைத் தொடாமல் வைத்திருந்தால் அது வேறு கதை. அப்போது நானும் எழும்பிக் கேட்பேன்.

வாசகர்,
களுவாஞ்சிகுடி