கண்புரை அறுவை: மரப்பு முறையைக் கண்தான் தீர்மானிக்க வேண்டும்

ஆசிரியருக்கு,

'ஊசி இல்லை, தையல் இல்லை, வலி இல்லை' என்று கண்புரை அறுவைக்கு விளம்பரம் செய்கிறார்கள். முதல் இரண்டும் பலருக்கு உண்மை. மூன்றாவதை எல்லோருக்கும் வாக்காகக் கொடுக்கக் கூடாது.

ப்ரோபராகெயின் சொட்டும் லிக்னோகெயின் ஜெல்லும் கண்ணின் மேற்பரப்பைத்தான் மரக்கச் செய்யும். அறுவையில் கண்ணுக்குள் திரவம் பாயும்போது கருவிழித்திரை பின்னுக்குத் தள்ளப்படும். அந்த அழுத்தம் நோயாளிக்குத் தெரியும். பதப்பொருள் (மருந்து கெடாமலிருக்கச் சேர்ப்பது) கலக்காத 1 சதவீத லிக்னோகெயினை அரை மில்லி அளவு கண்ணுக்குள் செலுத்தினால் பெரும்பாலும் அடங்கிவிடும். பதப்பொருள் கலந்த குப்பியை அங்கே தொடவே கூடாது, கருவிழியின் உட்புறச் செல்கள் கெடும். வரிசையும் முக்கியம்: மரப்புச் சொட்டு, கிருமிநாசினியான 5 சதவீத போவிடோன் அயோடின், அதற்குப் பிறகே ஜெல். ஜெல்லை முந்திப் போட்டால் அயோடின் கிருமியைச் சென்று சேராது.

காது கேளாதவர், தலைநடுக்கம் உள்ளவர், சொன்னபடி வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாதவர் ஆகியோருக்குச் சொட்டு மட்டும் போதாது. ஊசி தேவைப்படலாம். விழியைச் சுற்றி 5 முதல் 8 மில்லி மருந்து செலுத்துவது வழக்கம். ஆனால் கிட்டப்பார்வை அதிகமுள்ளவரின் விழி முன்பின்னாக நீண்டிருக்கும். 26 மில்லிமீட்டரைத் தாண்டினால் ஊசிமுனை விழியையே துளைக்கும் அபாயம் கூடுகிறது. லென்ஸ் பவர் கணக்கிட அந்த நீளத்தை எப்படியும் அளந்து கோப்பில் எழுதியிருப்பார்கள். ஊசியைக் கையில் எடுப்பவர் அந்த எண்ணைப் படிக்காமல் தொடங்குவது மன்னிக்க முடியாதது. இத்தகைய கண்ணுக்கு, விழியின் வெண்பகுதியை மூடியுள்ள மெல்லிய படலத்தில் சிறு துளையிட்டு, மழுங்கிய முனையுள்ள வளைகுழாயால் விழியைச் சூழ்ந்துள்ள டெனான் உறைக்கு அடியில் 3 முதல் 5 மில்லி விடுவது பாதுகாப்பானது. கண் சில நாள் சிவந்திருக்கும், பெரும்பாலும் அவ்வளவுதான்.

வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமைக்கான மாத்திரை சாப்பிடுபவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஊசியால் விழிக்குப் பின்னால் ரத்தம் கட்டினால் பார்வைக்கே ஆபத்து. தாமாக மாத்திரையை நிறுத்துவதும் தவறு.

இரண்டாவது கண்ணில் வலி கூடுதலாகத் தெரிந்ததாகப் பலர் சொல்வதுண்டு. இதை முன்பே சொல்லிவிட்டால் பயம் குறையும். அறுவையின்போது வலித்தால் தலையையோ கையையோ அசைக்காமல் வாய்விட்டுச் சொல்லலாம். மருத்துவர் நிறுத்திவிட்டு மருந்தைக் கூட்டுவார். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்கத் தேவையில்லை.

ஒப்புதல் படிவத்தில் எந்த மரப்பு முறை, ஏன் அது, விழியின் நீளம் எவ்வளவு என்ற மூன்றையும் தமிழில் எழுதி, கையெழுத்துக்கு முன் படித்துக் காட்டுவதை மருத்துவமனைகள் நடைமுறையாக்க வேண்டும்.

கண் மருத்துவர்,
திருச்சி