மின் போறணையின் வெப்பநிலைப் பிழை பற்றியும், அது என் கைப்பிழை என்று நீங்கள் எழுதிய பதில் பற்றியும்

லான்சோ தொரினேசே, இத்தாலி
நவம்பர் 3

வாடிக்கையாளர் சேவைப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம்.

செப்டெம்பர் மாதம் உங்கள் இணையக் கடையில் 38 லீட்டர் மின் போறணை ஒன்றை 189 யூரோ கொடுத்து வாங்கினேன். செப்டெம்பர் 9ஆம் திகதி அது என் கைக்கு வந்தது. அதில் 180 பாகை என்று வைத்தால் உள்ளே 220 பாகைக்கு மேல் எரிகிறது. அதில் வைத்த தொர்ச்செத்தி என்ற சீனிப் பிஸ்கட் கருகிப்போகிறது என்று ஒக்டோபர் 6ஆம் திகதி உங்களுக்கு எழுதினேன்.

சீனி கூடிய பணியாரம் என்றால் கருகத்தான் செய்யும், மா குழைத்ததில் கைப்பிழையும் இருக்கலாம் என்று பதில் போட்டிருந்தீர்கள். 14 நாள் கடந்துவிட்டதால் திருப்பி எடுக்க முடியாது, மேற்கொண்டு ஏதாவது என்றால் தயாரித்த கம்பனியுடன் கதையுங்கள் என்றும் இருந்தது. இதில் எதுவுமே சரியில்லை. 14 நாள் கதைக்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்தக் கைப்பிழையைப் பற்றி எழுத வேண்டும். மூன்று கிழமைக்கு மேலாக மனதில் கிடந்து உறுத்துவது அதுதான்.

நான் லான்சோவில் ஒரு வயதான அம்மாவை 11 வருடம் வீட்டோடு இருந்து பார்த்தேன். நொன்னா என்றுதான் கூப்பிடுவேன். தொர்ச்செத்தி செய்ய எனக்குக் காட்டித் தந்தவர் அவர். இந்தப் பக்கத்தில், அதாவது லான்சோ பள்ளத்தாக்கு, கனவேசே, பியெல்லா, மேலே அவோஸ்தா பள்ளத்தாக்கு வரைக்கும், தொர்ச்செத்தி இல்லாத வெதுப்பகம் கிடையாது. இத்தாலிய மொழியில் 'தோர்ச்செரே' என்றால் முறுக்குவது. கயிறு போல உருட்டிய மாவின் இரண்டு நுனியையும் குறுக்கே போட்டு ஒட்டினால் கண்ணீர்த்துளி வடிவில் ஒரு பிஸ்கட். அவ்வளவுதான் பார்வைக்கு.

உங்கள் பதிலை எழுதியவர் இதை ஒருநாளும் கையால் தொட்டிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். அதனால் சொல்கிறேன். அரைக் கிலோ கோதுமை மாவுக்கு 150 கிராம் பட்டர், 10 கிராம் ஈர ஈஸ்ட், கால் லீட்டருக்குச் சற்றுக் குறைந்த வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு தேக்கரண்டி உப்பு. முட்டை இல்லை. குழைக்கும் மாவுக்குள் சீனியும் இல்லை. முதலில் ஈஸ்டும் தண்ணீரும் சேர்த்து பாணுக்குக் குழைப்பது போலக் குழைத்து ஒரு மணித்தியாலம் பொங்க விட வேண்டும். பிறகுதான் இளகிய பட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ப்பது. பட்டர் சேரும்போது மா கையில் பிசுபிசுத்துக் கலைந்துபோகிற மாதிரி இருக்கும். பயப்படாமல் தொடர்ந்து குழைத்தால் பத்து நிமிடத்தில் திரும்பவும் ஒன்று சேர்ந்து மினுங்கும். அதை இன்னொரு மணித்தியாலம் பொங்க விட வேண்டும்.

பிறகு சுண்டுவிரல் மொத்தத்தில் உருட்டி, 12 சென்ரிமீற்றர் நீளத்துக்கு வெட்டி, பத்து நிமிடம் சும்மா விட வேண்டும். அந்த நேரத்தைக் கொடுக்காவிட்டால் மா இழுபட்டுச் சுருங்கும், முறுக்கியது நிற்காது. சீனி வருவது அப்புறம்தான். பலகையில் மா தூவாமல் சீனியைத் தூவி, அதன் மேல் கயிற்றை உருட்டி, நுனிகளைக் குறுக்கே போட்டு அமத்தி, உடனே தட்டில் வைத்துச் சூட்டுக்குள் தள்ள வேண்டும். சுணங்கினால் சீனி மாவின் ஈரத்தை இழுத்துப் பாகாகிவிடும். இத்தனையும் நொன்னாவின் சமையலறையில் எத்தனை நூறு முறை செய்தேன் என்று கணக்கில்லை. இங்கே வந்த முதல் மாதம் அவர் கையில் தந்த தொர்ச்செத்தியைக் கடித்தபோது எனக்கு யாழ்ப்பாணத்தில் சின்ன வயதில் தின்ற கிம்புலா பணிஸ்தான் ஞாபகம் வந்தது. ஈஸ்ட் போட்ட மா, மேலே பளபளவென்று சீனி. அந்தப் பிடிப்பில்தான் செய்யப் பழக வேண்டும் என்று நின்றேன்.

ஆக, தொர்ச்செத்தியின் முழுச் சீனியும் வெளியில்தான் இருக்கிறது. உள்ளே இருக்கிற மா வெந்து, ஈரம் போய், மொறுமொறுப்பாவதற்கு 20 நிமிடம் வேண்டும். அந்த 20 நிமிடமும் வெளியில் இருக்கிற சீனி கருகாமல் தாக்குப்பிடிக்க வேண்டும். 180 பாகையில் அது நடக்கும். மாவின் ஈரம் பட்ட சீனி மெல்ல இளகித் தேன்நிறமாகி, ஆறியதும் கண்ணாடி போலப் படியும். 220 பாகையில் எட்டாவது நிமிடமே அடிப்பக்கம் கறுத்துவிடும், உள்ளே பச்சை மா இருக்கும். எந்தக் கைக்கும் அதுதான் நடக்கும்.

சூடு எவ்வளவு முக்கியம் என்பது இந்தப் பிஸ்கட் பிறந்த கதையிலேயே இருக்கிறது. முன்னர் ஊருக்குப் பொதுவாக ஒரு விறகுப் போறணைதான். பாண் வைக்கும் அளவுக்கு அது சூடேறும்வரை காத்திருக்கும் நேரத்தில், மிஞ்சிய பாண் மாவைக் கயிறாக உருட்டி, சீனியிலோ தேனிலோ புரட்டி, போறணையின் வாயருகே வைத்துச் சுட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுப்பார்களாம். பட்டரெல்லாம் பிறகு சேர்ந்ததுதான். வாயருகே வைத்தது ஏன்? அங்கேதான் சூடு மட்டாக இருக்கும். உள்ளே தள்ளியிருந்தால் கருகிப்போகும் என்று அந்தக் காலத்து ஆட்களுக்கே தெரியும். நாங்கள் சொல்லும் போறணையும் பாணும் போர்த்துக்கேயர் விட்டுப்போன சொற்கள். இத்தாலியில் அதே சொற்கள் 'ஃபோர்னோ', 'பானே' என்று நிற்கின்றன. இந்த ஊரில் எனக்கு முதலில் வாயில் வந்த இரண்டு சொற்கள் அவை. போறணை பற்றி எனக்குத் தெரியாது என்று யாரும் எழுதினால் எனக்கு வலிக்கும்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். இந்த வருடம் மார்ச் மாதம் நொன்னா விழுந்து இடுப்பு எலும்பு உடைந்தது. அதன் பிறகு முதியோர் இல்லத்தில் இருக்கிறார். வீட்டைப் பிள்ளைகள் விற்றுவிட்டார்கள், பழைய போறணையும் அதோடு போய்விட்டது. நான் இப்போது வாடகைக்கு இருக்கும் வீட்டின் குசினியில் போறணை இல்லை. உங்களிடம் வாங்கியதற்குக் காரணம், செய்முறைப் புத்தகம் தமிழில் இருந்தது, பிரச்சினை என்றால் தமிழில் கதைக்கலாம் என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் பக்கத்தில் 'பாண், கேக், பிஸ்கட் எல்லாவற்றுக்கும் ஏற்றது' என்றும் இருந்தது. அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து இணைத்திருக்கிறேன்.

ஒக்டோபர் 12 நொன்னாவின் பிறந்தநாள். அதற்கு முன் ஒருமுறை செய்து பார்ப்போம் என்று ஒக்டோபர் 4ஆம் திகதி முதல் தட்டை வைத்தேன். கருகியது. அடுத்த நாள் இரண்டாவது தட்டு, அதுவும் கருகியது. உங்களுக்கு எழுதினேன். 150 பாகைக்குக் குறைத்து வையுங்கள் என்று பதிலில் இருந்ததால் 10ஆம் திகதி அப்படியும் செய்தேன். பின்பக்க இடது மூலையில் இருந்தவை கறுத்துவிட்டன, கதவுப் பக்கம் இருந்தவை வெளிறிப்போய் ரப்பர் மாதிரி இருந்தன. மூன்று தடவையும் 16 வீதம் 48 தொர்ச்செத்தியைக் குப்பையில் போட்டேன். மா, பட்டர் காசு பெரிதில்லை. பிறந்தநாளுக்கு வெதுப்பகத்தில் ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு போனேன். நொன்னா ஒன்றை எடுத்து விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இது நீ உருட்டினது இல்லையே, கைக்கு ஏதும் நடந்ததா?" என்று கேட்டார். இப்போது அவருக்குப் பல பெயர்கள் மறந்துபோகின்றன. என் கை உருட்டும் மொத்தம் மறக்கவில்லை.

உண்மையாகவே என் கையில்தான் பிழையோ என்று எனக்கும் ஒரு சந்தேகம் வந்துவிட்டது. அதனால் 9 யூரோவுக்குப் போறணை வெப்பமானி ஒன்று வாங்கினேன். நடுத்தட்டின் மத்தியில் வைத்து, 20 நிமிடம் சூடாக்கி, மூன்று நாட்களில் நான்கு தடவை பார்த்தேன். 150 என்று வைத்தால் 188 காட்டியது. 180 வைத்தபோது 222, 200 வைத்தபோது 245. நான்கு தடவையும் மூன்று நான்கு பாகைக்கு மேல் வித்தியாசம் வரவில்லை. எந்தப் போறணையும் பத்துப் பாகை ஏறி இறங்கும், அதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். 40 பாகை என்பது ஏறி இறங்குவது இல்லை, வெப்பநிலைக் கட்டுப்பாட்டுக் கருவி பிழை.

வெப்பமானியே பிழையாக இருக்கலாமே என்று நீங்கள் கேட்கக்கூடும். சீனியை வைத்தும் பார்த்தேன். ஈரம் படாத சீனி உருகுவது கிட்டத்தட்ட 186 பாகையில். 170 பாகையில் கால் மணித்தியாலம் வைத்தால் அது வெள்ளையாக, மணிமணியாக அப்படியே இருக்க வேண்டும். ஒரு தேக்கரண்டி சீனியை அலுமினியத் தாளில் வைத்து உங்கள் போறணையை 170க்கு விட்டேன். கால் மணித்தியாலத்தில் மண்ணிறப் பாகாக ஓடியது. அதே பொதியில் இருந்து எடுத்த சீனியை, மேல்மாடியில் இருக்கும் அயல் வீட்டுக்காரரின் போறணையில் அதே 170க்கு வைத்தோம். கொட்டிய மாதிரியே இருந்தது. இரண்டுக்கும் படம் இருக்கிறது.

அதோடு விடாமல் ஒக்டோபர் 25ஆம் திகதி ஒரே மாவைக் குழைத்து இரண்டாகப் பிரித்தேன். ஒரே பட்டர், ஒரே ஈஸ்ட், ஒரே நேரம் பொங்க விட்டது, இரண்டையும் முறுக்கியது இதே கை. பாதியை உங்கள் போறணையில் 180க்கு வைத்தேன், மற்றப் பாதியை மேல்மாடியில் 180க்கு வைத்தேன். உங்களுடையதில் வைத்தது ஒன்பதாவது நிமிடம் கறுத்தது. மேல்மாடியில் வைத்தது 19 நிமிடத்தில் தேன்நிறத்தில், உடைத்தால் மொறுக்கென்று உடையும் பதத்தில் வந்தது. அந்தப் படத்தைத் தயவுசெய்து பார்க்காமல் கடந்துவிடாதீர்கள். கைப்பிழை என்று எழுதியவர் கட்டாயம் பார்க்க வேண்டும்.

14 நாள் பற்றியது இது. இணையத்தில் வாங்கிய பொருளை, எந்தக் காரணமும் சொல்லாமல், பிடிக்கவில்லை என்றுகூடத் திருப்பிக் கொடுப்பதற்கான காலம்தான் அந்த 14 நாள். பிழையான பொருளுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. பிழையான பொருளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் ஆகக் குறைந்தது இரண்டு வருட சட்டபூர்வ உத்தரவாதம் இருக்கிறது. கைக்கு வந்து ஒரு வருடத்துக்குள் தெரியவரும் பிழை, தரும்போதே இருந்த பிழை என்றுதான் இத்தாலியச் சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்றால் அதை நிரூபிக்க வேண்டியது விற்றவர். அந்த உத்தரவாதத்துக்குப் பொறுப்பும் விற்றவர்தான், தயாரித்தவர் இல்லை. என்னிடம் 189 யூரோ வாங்கியது நீங்கள். நீங்கள் வேறு நாட்டில் இருந்து விற்றாலும், இத்தாலிக்கு அனுப்புகிறோம் என்று விளம்பரம் செய்து விற்கும்போது இதெல்லாம் உங்களுக்கும் பொருந்தும்.

ஆகவே நான் கேட்பது இவை. இந்தப் போறணையை உங்கள் செலவில் எடுத்துக்கொண்டு, வெப்பநிலை சரியாக இருப்பதைச் சோதித்துப் பார்த்த வேறொன்றை நவம்பர் 20ஆம் திகதிக்குள் அனுப்புங்கள். அது முடியாது என்றால் 189 யூரோவையும் முழுதாகத் திருப்பித் தாருங்கள். வெப்பமானிக்கும் வீணான பொருட்களுக்கும் நான் காசு கேட்கவில்லை.

இன்னொன்றும் கேட்கிறேன், அது எனக்காக இல்லை. இதே போறணையை உங்களிடம் வாங்கிய ஆட்களுக்கு இந்தப் பிழையை அறிவியுங்கள். நான் 11 வருடம் செய்து பழகியவள், அதனால்தான் அளந்து பார்க்கத் துணிந்தேன். யூரியூப்பைப் பார்த்து முதன்முதல் கேக் செய்கிற ஒரு பிள்ளைக்கு, தமிழ்க்கடை என்று நம்பி உங்களிடம் வாங்கியவளுக்கு, நீங்கள் எனக்கு எழுதியதையே எழுதினால் அவள் அதை நம்பிவிடுவாள். தனக்குக் கைராசி இல்லை என்று போறணையை மூடி வைத்துவிடுவாள். தமிழ்ப் புத்தகத்தின் 7ஆம் பக்கத்தில் 'பிஸ்கட் வகைகளுக்கு 200 பாகை' என்று பொதுவாகப் போட்டிருப்பதையும் திருத்துங்கள். தொர்ச்செத்தி போலச் சீனி புரட்டிய பிஸ்கட்டுக்கு அது கூடிய சூடு.

குறித்த திகதிக்குள் பதில் வராவிட்டால், ஐரோப்பிய நுகர்வோர் மையத்தின் இத்தாலிக் கிளையில் முறைப்பாடு செய்வேன். ரோமிலும் போல்சானோவிலும் அதற்கு அலுவலகம் இருக்கிறது, எல்லை கடந்து வாங்கிய பொருள் பற்றிய முறைப்பாடுகளை இலவசமாக எடுத்து நடத்துகிறார்கள். அந்த அளவுக்குப் போக வேண்டி வராது என்றுதான் நம்புகிறேன். உங்களிடம் முன்னர் வாங்கிய இடியப்ப உரலும் சட்டிகளும் இன்றைக்கும் நன்றாக இருக்கின்றன.

டிசம்பர் 8ஆம் திகதி இங்கே விடுமுறை, நான் நொன்னாவைப் பார்க்கப் போகிறேன். நவம்பர் 20க்குள் போறணை வந்தால், அதைச் சோதித்துப் பார்த்து ஒரு தட்டுத் தொர்ச்செத்தி சுடுவதற்கு எனக்கு நேரம் இருக்கும். இந்தப் பிழையான போறணையைத் துடைத்து, வந்த பெட்டியிலேயே வைத்து மூடி வைத்திருக்கிறேன். எடுக்க வருபவரை எந்த நாளும் மாலை 5 மணிக்குப் பிறகு அனுப்பலாம்.

இணைப்பு: பணம் செலுத்திய ரசீது, விற்பனைப் பக்கத்தின் படம், வெப்பமானிப் படங்கள் 12, சீனிச் சோதனைப் படங்கள் 2, ஒக்டோபர் 25 அன்று இரண்டு போறணைகளிலும் சுட்ட தொர்ச்செத்தியின் படம் 1, உங்கள் பதிலின் பிரதி.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்