வெயில் ஊர் என்றால் கெட்டி ஆயிலா?

ஆசிரியர் அவர்களுக்கு,

போன ஞாயிறு உங்கள் வாகனப் பக்கத்தில், கோடைக்குக் கொஞ்சம் கெட்டியான இன்ஜின் ஆயில் ஊற்றினால் நல்லது என்று ஒரு வரி வந்திருந்தது. இதே பேச்சை இரண்டு வருடத்துக்கு முன் ஒரு ஒர்க்‌ஷாப்பில் கேட்டுத் தலையாட்டியவன் நான்.

என் பெட்ரோல் காருக்குக் கையேட்டில் போட்டிருப்பது 0டபிள்யூ-20 என்ற மெல்லிய கிரேடு ஆயில். "மதுரை வெயிலுக்கு இது தண்ணி மாதிரி சார், நிக்காது" என்று 20டபிள்யூ-50 என்ற கெட்டி ஆயிலை ஊற்றிவிட்டார்கள். மறுநாள் காலை ஸ்டார்ட் செய்ததும் வால்வுப் பக்கம் டிக் டிக்கென்று நாலைந்து நொடி சத்தம், அப்புறம் அடங்கிவிட்டது. தினமும் அதே கதை, மைலேஜும் லேசாக இறங்கியது.

வெளியே 42 டிகிரி அடித்தாலும் ஊட்டியில் 12 டிகிரி இருந்தாலும், சூடேறிய இன்ஜினை, வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் 90 டிகிரியை ஒட்டித்தான் வைத்திருக்கும். அதனால்தான் கிரேடில் பின்னால் வரும் 20, 30, 40 என்ற எண்ணுக்கான கெட்டித்தன்மையை 100 டிகிரியில் அளக்கிறார்கள். டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கிறது, குளிரில் இன்ஜின் சுழலுமா என்று 20டபிள்யூ ஆயிலுக்குப் பார்க்கும் சோதனையே மைனஸ் 15 டிகிரியில்தான், மதுரைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்! ஆனால் 40 டிகிரியில்கூட 20டபிள்யூ-50 ஆயில் 0டபிள்யூ-20-ஐவிட மூன்று மடங்குக்கு மேல் கெட்டி. ராத்திரி முழுக்க ஆயில் எல்லாம் கீழே வடிந்து கிடக்கும், காலையில் அது மேலே வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் வரை ஏறும் அந்தச் சில நொடிகளில்தான் உலோகம் உலோகத்தோடு உரசித் தேய்கிறது. கெட்டி ஆயில் மெதுவாகத்தான் ஏறும். ஆயில் பிரஷர் அதிகம் காட்டுகிறதே என்பார்கள், பிரஷர் ஏறினால் ஆயில் அதிகம் ஓடுகிறது என்று அர்த்தமில்லை, ஓரளவுக்கு மேல் போனால் ரிலீஃப் வால்வு திறந்து ஆயிலைக் கீழேயே திருப்பி விட்டுவிடும்.

இதற்காக எல்லோரும் 0டபிள்யூ-20-க்கு ஓடிவிடவும் கூடாது. 40 கேட்கும் டர்போ டீசலில் 20 ஊற்றினால், மேட்டில் லோடு இழுக்கும்போது கிராங்க்‌ஷாஃப்ட் பேரிங்கில் இருக்கும் ஆயில் படலம் மெலிந்து பேரிங் போய்விடும், அது இதைவிடப் பெரிய செலவு. லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடி ஆயில் குடிக்கும் பழைய வண்டிக்கு, கையேடு அனுமதித்தால், ஒரு படி கெட்டியாகப் போடுவதில் நியாயம் உண்டு.

என் பழைய பில்லை எடுத்துப் பார்த்தேன். 'இன்ஜின் ஆயில் 3.5 லி' என்று மட்டும் இருக்கிறது, எந்த கிரேடு என்று இல்லை, டிரம்மிலிருந்து ஊற்றியது வேறு. பில்லில் கிரேடு எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள் என்று அடுத்த ஞாயிறு ஒரு வரி போடுங்கள். நான் இப்போதெல்லாம் கேன் மூடியின் சீலை உடைக்கும்வரை பக்கத்திலேயே நிற்கிறேன், மெக்கானிக் தம்பிக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

ஒரு வாசகர்,
மதுரை